ஆரஞ்சுக்கு வைத்த உப்பு

ஆயக்குடியில் பிறந்தவர்களுக்குத் தென்னையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு உண்டு. சிவபாக்கியத்துக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அவள் அப்பா வீட்டுத் தோப்பில் ஒரு மரம் மட்டை மஞ்சளித்து நின்றால், அடியில் வட்டமாகக் குழி பறித்து, ஒரு படி கல்லுப்பும் ஒரு கூடைச் சாம்பலும் போட்டு மூடுவார்கள். அடுத்த மழைக்கு மரம் தேறிவிடும். இதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் அவள். தென்னைக்குச் சரிப்பட்டது எல்லா மரத்துக்கும் சரிப்படும் என்று எப்போது முடிவு கட்டினாள் என்பது அவளுக்கே தெரியாது.

கல்யாணமாகி அவள் மலையேறி வந்து மூன்றாவது வருஷம். புருஷன் நாச்சிமுத்துவுக்குப் பேத்துப்பாறைக்குக் கீழே, ஓடையை ஒட்டிய சரிவில் ஆரஞ்சுத் தோட்டம். சரிவைப் படிப்படியாக வெட்டி, கல் அடுக்கி, நாலு தட்டுகளாக்கி, கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒற்றை ஆளாகக் கன்று நட்டு வளர்த்தவன். அவன் பேச்சில் பாதி அந்த மரங்களைப் பற்றித்தான் இருக்கும். மீதிப் பாதியை அவளும் மாடும் சோறும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஐம்பத்தொன்பதாம் வருஷம்தான் மரங்கள் முதல் தடவையாகக் கிளை தெரியாமல் பூத்தன. வாசலில் நின்றாலே மணம் வந்தது. நாச்சிமுத்து காலையில் பல் விளக்கப் போகிறேன் என்று கிளம்பி, தோட்டத்துக்குள் போய் வெயில் ஏறும்வரை திரும்ப மாட்டான்.

எரு வைப்பது, தண்ணீர் கட்டுவது எல்லாம் அவனேதான். அவள் கூடையைத் தூக்கினால், "நீ எதுக்கு, நான் பாத்துக்கிறேன்" என்று வாங்கிக்கொள்வான். கோபமாகச் சொல்ல மாட்டான், சிரித்துக்கொண்டுதான் சொல்வான். அதுதான் அவளுக்கு இன்னும் எரியும். களை எடுக்கலாம், சருகு கூட்டலாம், வேலைக்கு வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றலாம். மரத்தின் அடியில் மட்டும் அவள் கை படக் கூடாது. விருந்துக்கு வந்தவளைப் போல எத்தனை வருஷம் இந்த மரங்களை எட்ட நின்று பார்ப்பது என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்கு நடப்பதாக நாச்சிமுத்துவுக்கு வேண்டுதல். நடந்து இறங்கி, சாமி கும்பிட்டு, அப்படியே ஒட்டன்சத்திரம் மண்டியில் ஒரு சோலியையும் முடித்துவிட்டு வர இரண்டு வாரமாவது ஆகும். வேறு வழியில்லாமல்தான் தோட்டத்தை அவளிடம் ஒப்படைத்தான்.

"மக்குன தொழுவெரு மரத்துக்கு ஒரு கூடை. தண்டை ஒட்டி வைக்காத, தள்ளி வையி. நம்ம முறைத்தண்ணி வர்றன்னைக்குப் பாத்தி நெறையப் பாய்ச்சிரு. வேற ஒண்ணும் பண்ணாத, பாக்கியம்."

"வேற என்னத்தைப் பண்ணப் போறேன்? வெரசா போயிட்டு வாங்க."

அவள் பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷம் வரை அவள் மனசில் ஒன்றும் இல்லை.

எருவை அவன் சொன்னபடியே வைத்தாள். மேல்தட்டில் வைக்கும்போதுதான் இலைகளைப் பார்த்தாள். லேசாக மஞ்சளித்திருந்தன. பூத்த மரம் கோடையில் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். நாச்சிமுத்து பார்த்திருந்தால் இரண்டு தண்ணீரில் சரியாகிவிடும் என்று போயிருப்பான். பாக்கியத்தின் கண்ணுக்கு அது அப்பா தோப்பின் மஞ்சள் மட்டையாகத் தெரிந்தது. வீட்டு மூலையில் ஒரு மூட்டைக் கல்லுப்பு இருந்தது. மலையில் உப்பு கிராக்கி என்று அவள் அண்ணன் பொதிக்குதிரையில் ஏற்றி அனுப்பியிருந்தான். பிறகு கேட்கவா வேண்டும்? நாச்சிமுத்து திரும்பி வருவதும், பச்சைப்பசேல் என்று நிற்கும் மரங்களைப் பார்த்து வாயைப் பிளப்பதும், "என்ன வச்ச?" என்று கேட்பதும், தான் பதில் சொல்லாமல் சிரிப்பதும் அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சிரிப்பைக்கூட ஒரு தரம் சிரித்துப் பார்த்துக்கொண்டாள்.

தென்னைக்கு ஒரு படி என்றால் ஆரஞ்சுக்கு அரைப்படி என்று கணக்குப் போட்டாள். அரைப்படி போட்ட பிறகு மனசு கேட்காமல் மேலுக்கு ஒரு கை. மேல் மூன்று தட்டுக்கும் வைத்து முடிப்பதற்குள் மூட்டை காலியாகிவிட்டது. கீழ்த்தட்டு மரங்களிடம், "ஒங்களுக்கு அடுத்த பொதியில வரட்டும்" என்று சமாதானம் சொல்லிவிட்டு மண்ணை மூடினாள். மறுநாள் அவர்கள் முறை. ஓடையிலிருந்து வரும் வாய்க்கால் அந்தச் சரிவில் இருக்கும் தோட்டங்களுக்கு ஆளுக்கொரு நாள் பாயும். பாத்தி நிறையப் பாய்ச்சினாள். உப்பு நன்றாகக் கரைந்து வேருக்குப் போய்ச் சேர்ந்தது. பாவி, அதையும் திருத்தமாகச் செய்தாள்.

ஒரு வாரத்துக்குள் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. தீயில் வாட்டிய வெற்றிலை மாதிரி சுருண்டது. கிளையைத் தொட்டால் பூ பொலபொலவென்று கொட்டியது. வெயில்தான் என்று முதலில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த நாளும் அதையே சொல்லிக்கொண்டாள், ஆனால் குரலில் வலு இல்லை.

சருகு கூட்ட வந்த செல்லாயி மரங்களை ஏற இறங்கப் பார்த்தாள். கீழ்மலைக் காட்டில் குடிசை போட்டிருக்கும் பளியர் என்னும் மலைக்குடிப் பெண். அவளும் அவள் புருஷன் மலையனும் தேனெடுப்பு இல்லாத மாதங்களில் தோட்ட வேலைக்கு வருவார்கள்.

"என்ன தாயி, இப்பிடிக் காஞ்சு கெடக்கு?"

"வெயிலு."

"கீழ்த்தட்டு நல்லாத்தான இருக்கு. அங்க வெயிலு அடிக்கலையா?"

செல்லாயி சும்மாதான் கேட்டாள். கேட்டுவிட்டுச் சருகைக் கூட்டப் போய்விட்டாள். பாக்கியம் திரும்பிப் பார்த்தாள். மேல் மூன்று தட்டும் கருகி நிற்கிறது, உப்புக் கிடைக்காத கீழ்த்தட்டு மட்டும் பூவோடு சிரிக்கிறது. குனிந்து, பாத்தி மண்ணை ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

நாச்சிமுத்து வந்து திட்டினால்கூடப் பரவாயில்லை. அவன் திட்ட மாட்டான், அது அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் மரம் மரமாகப் போய்ப் பார்ப்பான். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அவளை அந்த மரங்களின் பக்கம் அண்டவிட மாட்டான். அவன் இருபது வயதிலிருந்து சுமந்த மண், சுமந்த கல், சுமந்த தண்ணீர், எல்லாம் அவள் கையால் போயிற்று. வெயில் என்றே சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். மரம் முழுசாகச் செத்தால் எந்தப் பொய் சொல்லி என்ன பிரயோசனம் என்று தோன்றவும் அழுகை வந்துவிட்டது.

அழுகைச் சத்தம் கேட்டுச் செல்லாயி ஓடிவந்தாள். பாக்கியம் எல்லாவற்றையும் சொன்னாள். செல்லாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாக்கியத்தின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினாள்.

"எங்க ஊருல தென்னைக்கு வைப்போம்டி."

"இது தென்னையா தாயி? சரி, அழுது என்ன ஆகப் போகுது? போட்ட உப்பைத் திரும்ப எடுக்க முடியுமா?"

ஆறுதலாகக் கேட்கப்பட்ட கேள்வி இல்லை அது. ஆனால் பாக்கியம் அதைப் பிடித்துக்கொண்டாள். உப்பைத் திரும்ப எடுக்க முடியாதா? கருவாட்டிலிருந்து எடுக்கிறோமே! ஒரு தண்ணீரில் போகாது. ஊறவைத்துக் கொட்டி, மறுபடி ஊறவைத்துக் கொட்டி, மூன்று தண்ணீர் மாற்றினால் வாயில் வைக்கிற மாதிரி ஆகிவிடுகிறதே. மண்ணையும் அப்படி அலச வேண்டியதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்த பிறகுதான் தண்ணீர் யாருடையது என்ற நினைப்பு வந்தது.

அவர்கள் முறை வர இன்னும் நாள் இருந்தது. அன்றைக்குப் பாய்வது பக்கத்துத் தோட்டத்துச் சேனாதிபதியின் முறை. போன கோடையில் வாய்க்கால் மடைக்கல்லை யார் நகர்த்தினார்கள் என்று அவருக்கும் நாச்சிமுத்துவுக்கும் மூண்ட சண்டை கை ஓங்குகிற அளவுக்குப் போயிற்று. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. நல்லது கெட்டதுக்குப் போவதில்லை. எதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், ஒருவர் ஓடையைப் பார்ப்பார். அவர் மனைவி பாப்பம்மாள் மட்டும் துணி துவைக்கிற இடத்தில் யாரும் இல்லாவிட்டால் பாக்கியத்தைப் பார்த்துச் சிரிப்பாள்.

பாக்கியம் போனாள். சேனாதிபதி பீன்ஸ் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மனைவியிடம் சொன்னார்.

"பாப்பம்மா, யாரோ வந்திருக்காங்க. என்ன சோலின்னு கேளு."

"என்ன சோலி, பாக்கியம்?" என்றாள் பாப்பம்மாள், கேட்காத மாதிரி நின்றவளிடம்.

"மதினி, இன்னைக்குத் தண்ணியை எங்க தோட்டத்துக்கு விடச் சொல்லுங்க."

"தண்ணி வேணுமாம்" என்றாள் பாப்பம்மாள் புருஷனிடம். மூன்று பேரும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நின்றார்கள்.

"அவுங்க முறை முடிஞ்சு போச்சே, அப்ப தண்ணி பாய்ச்சாம தூங்கிட்டாங்களான்னு கேளு."

"தூங்கல, மதினி. மரத்துக்கு உப்பு வச்சிட்டேன். கருகுது. அலசணும்."

பாப்பம்மாள் அதை எடுத்துச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சேனாதிபதி நேராகத் திரும்பிவிட்டார்.

"உப்பா? ஆரஞ்சுக்கா? ஏம்மா, ஒனக்கு யாரு சொன்னா?"

சொன்ன பிறகுதான் தான் பேசிவிட்டது அவருக்கு உறைத்தது. பேசிய பேச்சைத் திரும்ப எடுக்க முடியுமா? மண்வெட்டியை ஊன்றி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"யாரும் சொல்லலண்ணே. நானாத்தான் வச்சேன். மேல் மூணு தட்டுக்கும் வச்சேன்."

"உம் புருஷன் என் தண்ணிய வாங்குவானா? மரம் பட்டுப்போனாலும் போகட்டும்பான், எங்கிட்ட வாங்க மாட்டான். நாளைக்கு வந்து என்னையத்தான் கேப்பான், யாரைக் கேட்டுடா விட்டேன்னு."

"மரம் அவரோடது, அண்ணே. உப்பு என்னோடது. தண்ணியை எனக்குக் குடுங்க."

சேனாதிபதி மண்வெட்டியிலிருந்து கையை எடுத்தார். தன் பீன்ஸைப் பார்த்தார். அதுவும் வாடித்தான் கிடந்தது. பாப்பம்மாள் புருஷனைப் பார்த்த பார்வையில், இன்றைக்கு இல்லை என்று சொன்னால் இராத்திரி சோறு இல்லை என்பது தெளிவாக எழுதியிருந்தது.

"பீன்ஸு ஒரு முறை பொறுக்கும்" என்றார் கடைசியில். "மடையத் திருப்புறேன், போ. நீ பாட்டுக்கு வரப்பை ஒடச்சு வைக்காத, நானும் வர்றேன்."

முதலில் பாத்திகளின் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். மலையனும் பாப்பம்மாளும் வந்து சேர்ந்தார்கள். அந்த மண்ணை வேலியோரம் கொட்டலாம் என்று பாக்கியம் சொன்னதும் செல்லாயி பதறிவிட்டாள். உப்பு மண்ணை நக்கக் காட்டுமாடு கூட்டமாக வரும், வேலியும் மிஞ்சாது, மரமும் மிஞ்சாது என்றாள். கூடை கூடையாகச் சுமந்து பாறைக்கு அப்பால் சரிவில் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

அப்புறம் தண்ணீர் வந்தது. மேல்தட்டுப் பாத்திகள் நிறைந்து, நிலம் குடித்து, மறுபடி நிறைந்தன. நிறைந்த தண்ணீர் அப்படியே கீழே இறங்கப் பார்த்தபோது பாக்கியம் குறுக்கே மண்வெட்டியோடு நின்றாள்.

"கீழ்த்தட்டுக்கு இந்தத் தண்ணி போகக் கூடாதுண்ணே. கருவாடு அலசுன தண்ணிய யாராச்சும் குழம்புல ஊத்துவாங்களா?"

சேனாதிபதி உரக்கச் சிரித்தார். ஒவ்வொரு தட்டிலும் ஓரமாக வடிகால் வெட்டி, அலசிய தண்ணீரைப் பாறைப் பக்கம் இறக்கிவிட்டார்கள். இருட்டும்வரை அலசினார்கள். மறுநாள் முறை வேலுச்சாமி என்பவருடையது. வெள்ளனே போய்ச் சேனாதிபதியே பேசி அதையும் மாற்றி வாங்கிவந்தார். பாக்கியம் அவ்வப்போது மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். நாக்கு மரத்து, எது உப்பு எது மண் என்றே தெரியாமல் போயிற்று. செல்லாயியை ருசி பார்க்கச் சொன்னாள். செல்லாயி, "கூலியில இது சேத்தி இல்ல தாயி" என்று நகர்ந்துவிட்டாள்.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் மொட்டைத் தலையில் சந்தனமும் கையில் பஞ்சாமிர்த டப்பாவுமாக நாச்சிமுத்து வந்து நின்றான். சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டான். மரங்களை விட்டுவிட்டு இருக்க முடியவில்லை போலிருக்கிறது. பாதையில் நின்றபடியே பார்த்தான். அவன் தோட்டத்தில், அவன் மரத்தடியில், சேனாதிபதி மண்வெட்டி பிடித்துக்கொண்டிருந்தார்.

வேறு யாராவது சொல்வதற்கு முன் தான் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் பாக்கியத்துக்குத் தெரிந்தது. சேற்றுக் காலோடு ஏறிப் போனாள்.

"நாந்தான் உப்பு வச்சேன். தென்னைக்கு வைக்கிற மாதிரி. மூணு தட்டுக்கும். கருகிப்போச்சு. அண்ணன்கிட்ட நாந்தான் போயித் தண்ணி கேட்டேன். அவரா வரல."

நாச்சிமுத்து பாதையிலிருந்து இறங்கினான். டப்பாவை ஒரு கல்லின்மேல் வைத்தான். அவள் பயந்தபடியே மரம் மரமாகப் போனான். இலையைப் பறித்து மடக்கிப் பார்த்தான், குச்சியை நகத்தால் கீறி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்தான், பாத்தி மண்ணை எடுத்து நாக்கில் வைத்தான். துப்பிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனான். அவளுக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

சேனாதிபதி மண்வெட்டியைத் தோளில் போட்டார். "பாப்பம்மா, வா போகலாம். அவுங்கவுங்க தோட்டத்துக்கு அவுங்கவுங்க வந்தாச்சு."

நாச்சிமுத்து நிமிரவில்லை. மரத்தைப் பார்த்தபடியே சொன்னான்: "பாக்கியம், நடுத்தட்டு இன்னும் கரிக்குது. மேல்மடைய இன்னுங் கொஞ்சம் அகலமாத் தொறக்கச் சொல்லு."

பாக்கியம் திரும்பிச் சேனாதிபதியிடம் சொல்லப் போனாள்.

"எனக்குக் காது கேக்குது" என்றார் அவர். மண்வெட்டியை இறக்கிக்கொண்டு மடையை நோக்கி ஏறினார். நாச்சிமுத்து வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். பாக்கியத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. இந்தத் தடவை யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வேலை முடிந்ததும் வரப்பில் உட்கார்ந்து எல்லாரும் பஞ்சாமிர்தம் தின்றார்கள். மடைக்கல்லைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சேனாதிபதி மட்டும் இரண்டாவது தரம் கையை நீட்டினார். நாச்சிமுத்து டப்பாவையே அவரிடம் கொடுத்துவிட்டான்.

கருகிய இலை எல்லாம் உதிர்ந்தது. சித்திரை முழுக்க மேல் மூன்று தட்டும் மொட்டையாக நின்றன. நாச்சிமுத்துவின் தலையில் முடி வந்துவிட்டது, மரத்தில் வரவில்லை. அவர்கள் முறைத்தண்ணீர் முழுசும் அந்தத் தட்டுகளுக்கே போயிற்று. பாக்கியம் தினமும் காலையில் கிளை கிளையாகத் தடவிப் பார்த்துவிட்டு வந்து அடுப்பு மூட்டுவாள். அவன் ஒன்றும் கேட்க மாட்டான், அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வான். மேல்தட்டில் இரண்டு மரங்கள் பட்டுப்போயின. அவற்றை அவன் வெட்டுகிற சத்தம் கேட்காமலிருக்க அவள் வீட்டுக்குள் போய் அம்மியில் மிளகாய் அரைத்தாள்.

கோடைமழை இரண்டு நாள் விடாமல் கொட்டி ஓய்ந்த ஒரு காலையில் செல்லாயி மேல்தட்டிலிருந்து கத்தினாள்.

"தாயி! ஓடியா! அரும்பு விட்டிருக்கு!"

பாக்கியம் ஓடினாள். குச்சிகளின் கணுவில், அரிசி அளவுக்கு, இளம்பச்சையாகத் துளிர். அடுத்த மரத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். நடுத்தட்டு முழுக்க இருந்தது. "அப்பாடா, முருகா" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஈரப் பாத்தியில் பொத்தென்று உட்கார்ந்தாள். இந்த வருஷம் காய் இருக்காது. போகட்டும். மரம் இருக்கிறதே, அது போதும். பின்னால் வந்து நின்ற நாச்சிமுத்துவின் முகத்தில் இரண்டு மாதமாக இல்லாத சிரிப்பு இருந்தது. அவன் குனிந்து ஒரு துளிரை மெல்ல முகர்ந்து பார்த்தான். அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஆனி பிறந்ததும் எரு வைக்க வேண்டியிருந்தது. பாக்கியம் வழக்கம்போலச் சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். தொழுவெருக் குவியலிலிருந்து ஒரு கூடை நிரப்பிக்கொண்டுவந்து நாச்சிமுத்து அவள் முன்னால் வைத்தான்.

"கீழ்த்தட்டை நான் பாத்துக்கிறேன். மேல் மூணும் நீ வையி."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நானா? வேணாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"அதுக்காகத்தான் ஒங்கிட்டக் குடுக்குறேன்" என்றான். "எனக்கு இத்தனை வருஷத்துல அந்தப் பயம் போயிருச்சு. பயம் இருக்குற கைதான் அளந்து வைக்கும்."

அவன் திரும்பிப் பார்க்காமல் கீழ்த்தட்டுக்கு இறங்கிப் போனான். பாக்கியம் அந்தக் கூடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் அதைத் தூக்கி இடுப்பில் வைத்து, முதல் மரத்துக்கு நடந்தாள்.